கேள்விப் பெட்டியில் இரண்டு பட்டன்

“பொய் சொல்றவங்கள எப்படி மேடம் கண்டுபிடிக்கிறீங்க? கண்ணப் பார்த்தா?”

செக் நாட்டின் ப்ர்னோ நகர வானொலி நிலையத்தில் ஒரு பெண் எப்போதோ இவோனாவிடம் கேட்ட கேள்வி இது. இவோனா ஊரறிந்த துப்பறிவாளி. ஆனால் மைக்கைக் கண்டால் வாய் உலர்ந்துவிடும். “விரலைப் பார்த்து” என்று மட்டும் சொல்லிவிட்டுத் தண்ணீர் குடித்தாள். மீதி நேரத்தை அவளுடைய உதவியாளன் ஹினெக்தான் பேசி நிரப்பினான். கண்ணுக்குப் பயிற்சி கொடுக்கலாம், நாக்குக்குச் சம்பளம் கொடுக்கலாம், விரல் மட்டும் பழகின இடத்துக்குத்தான் போகும் என்று அவன் விளக்கினான். நிகழ்ச்சியைக் கேட்டவர்களில் பாதிப் பேர் அன்றிலிருந்து ஹினெக்தான் துப்பறிவாளன் என்று நம்புகிறார்கள். அவன் அதை மறுத்ததே இல்லை.

அந்த ஏப்ரல் செவ்வாய்க்கிழமை இருவரும் ஷலினாவில் தொங்கிக்கொண்டு போனார்கள். ப்ர்னோவில் ட்ராமை ட்ராம் என்று சொல்கிறவன் ப்ராக்கிலிருந்து வந்தவனாகத்தான் இருப்பான். பழைய நூற்பாலை நிறுத்தத்தில் இறங்கி, மூன்று மாடி ஏறினார்கள். ‘லிபெலா’ என்ற பெயர்ப்பலகை. நூலகங்களுக்கு சாஃப்ட்வேர் எழுதிக் கொடுக்கும் சிறிய கம்பெனி.

முதலாளி யெராபெக் கதவைத் திறந்தார். உருண்டையான மனிதர். ஒரு காதில் ஃபோன்.

“நோ... நோ... நோ, மிலா, நோ” என்று சொல்லிக்கொண்டே கையசைத்து உள்ளே அழைத்தார். பிறகு ஃபோனை வைத்துவிட்டு, பேனாவை எடுத்துத் தன் உள்ளங்கையில் ‘ரொட்டி’ என்று எழுதிக்கொண்டார்.

“வீட்டுலயா சார்?” என்றான் ஹினெக்.

“கருப்பு ரொட்டி வாங்கிட்டு வரணுமாம். போன தடவை வெள்ளை வாங்கிட்டுப் போயி, நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன்.”

பிறகு உட்கார வைத்து விஷயத்தைச் சொன்னார். அவருடைய கம்பெனியில் நான்கு மென்பொருள்கள் உண்டு. புத்தகம் கடன் கொடுக்க ஒன்று, வாங்க ஒன்று, உறுப்பினர் அட்டைக்கு ஒன்று, கணக்குக்கு ஒன்று. நான்கையும் வெவ்வேறு காலத்தில் வெவ்வேறு ஆட்கள் எழுதியதால், ஒன்றின் முகம் மாதிரி இன்னொன்று இருக்காது. இதைச் சீராக்குவதற்காக ஸ்லாவ்கா என்ற பெண்ணை வேலைக்கு வைத்தார். அவள் இரண்டு வருடம் உட்கார்ந்து திரைக்கென்று விதிகள் எழுதினாள். எந்தப் பட்டன் எங்கே இருக்க வேண்டும், அதற்கு என்ன பெயர் வைக்க வேண்டும், மெனுவில் எது எதற்குப் பக்கத்தில் என்று எல்லாவற்றுக்கும் விதி. அந்த விதிப்படி நான்கு மென்பொருளின் ஒவ்வொரு திரையையும் வரைந்து ஒரே ஃபோல்டரில் போட்டு வைத்திருந்தாள். ஃபோல்டரின் பெயர் ‘வ்ஸோர்’. மாதிரி என்று அர்த்தம்.

நேற்று மதியத்துக்கு மேல் பார்த்தால் வ்ஸோரில் எதுவும் இல்லை. ஐகான் போடுகிற போர்ச்சுகல் பையன் துவார்த்தேயின் சில சின்னங்கள் மட்டும் மிச்சம். இன்று நான்கு மணிக்கு ஓலமோட்ஸிலிருந்து நூலகக் கூட்டமைப்பினர் அந்தத் திரைகளைப் பார்க்க வருகிறார்கள்.

“நேத்து லன்ச் நேரத்துல, ஸ்லாவ்காவோட மெஷின்லேர்ந்துதான் போயிருக்கு. வ்ஸோர் இருக்கிற பெரிய சேமிப்பைத் திறக்கிற அனுமதி அந்த ஒரு மெஷினுக்குத்தான். அவளுக்கு ப்ராக்லேர்ந்து பெரிய கம்பெனி வேலை வந்திருக்கு. படங்களை எடுத்துக்கிட்டு இங்க துடைச்சிட்டா. இன்னிக்கே அவளை அனுப்பிடறேன். எனக்கு ஆள் யாருன்னு தெரியும் மேடம். ஆதாரம் மட்டும்தான் வேணும்.”

“பாதி வேலைய நீங்களே முடிச்சிட்டீங்க சார்” என்றான் ஹினெக். “இன்னொரு பாதி உண்மை. அதை நாங்க பாத்துக்கறோம்.”

யெராபெக் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

ஆதாரம் தன்னிடமும் ஒன்று இருக்கிறது என்று ஸ்லாவ்காவின் மேஜைக்கு அழைத்துப் போனார். ஸ்லாவ்கா அங்கேதான் இருந்தாள். நாற்பதைத் தாண்டிய, நெட்டையான பெண். தன் சாமான்களை ஓர் அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். முதலாளி வந்ததும் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்து, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள்.

யெராபெக் திரையில் தேடல் கட்டத்தைக் காட்டினார். அந்த மெஷின் கடைசியாக யார் எதைத் தட்டினாலும் ஞாபகம் வைத்திருக்கும். தப்பாகத் தட்டினாலும்கூட. நேற்று லன்ச் நேரத்தில் தட்டிய வார்த்தை ‘வ்ஸோர்’. ஒரே ஒரு தடவை, சரியாக.

“சரியா தட்டினது தப்பா சார்?” ஹினெக்குக்குப் புரியவில்லை.

அதுதான் தப்பு என்றார் யெராபெக். எங்கள் செக் கீபோர்டில் இஸட் மேல் வரிசையில் இருக்கும், ஒய் கீழே மூலையில். ஆங்கிலக் கீபோர்டில் இரண்டும் இடம் மாறி உட்கார்ந்திருக்கும். ஸ்லாவ்கா பல வருடம் டப்ளினில் வேலை பார்த்துவிட்டு வந்தவள். தன் மெஷினை, திரை முதல் கீபோர்டு வரை, ஆங்கிலத்துக்கு மாற்றி வைத்திருக்கிறாள். மேலே அச்சடித்திருப்பது செக் எழுத்து, உள்ளே வேலை செய்வது ஆங்கில எழுத்து. மற்றவர்கள் யார் அங்கே உட்கார்ந்து தட்டினாலும், பார்த்துத் தட்டினாலும் பாராமல் தட்டினாலும், வ்ஸோர் என்பது ‘வ்யோர்’ என்றுதான் விழும்.

இவோனா முதல் தடவையாக யெராபெக்கை மரியாதையோடு பார்த்தாள். விரலைப் பற்றி யோசிக்கிற மனிதர்.

அவர் போன பிறகு ஸ்லாவ்கா பேசினாள். நேற்று லன்ச்சுக்கு ஸ்விதாவா ஆற்றங்கரைக்குத் தனியாகப் போயிருந்தாளாம். பார்த்தது வாத்துகளை மட்டும். வாத்துகளிடம் வாக்குமூலம் வாங்கலாம், ஆனால் எல்லாக் கேள்விக்கும் ஒரே பதிலைத்தான் சொல்லும் என்றான் ஹினெக். அவள் சிரிக்கவில்லை.

ப்ராக் வேலையைப் பற்றி இவோனா கேட்டாள்.

“வந்துச்சு. வேண்டாம்னு எழுதிட்டேன். அதை யாருமே என்கிட்ட கேக்கல.”

ஏன் வேண்டாம் என்றதற்கு ஸ்லாவ்கா யிஹ்லாவா நூலகத்தில் பார்த்த ஓர் அம்மாளைப் பற்றிச் சொன்னாள். கடன் கொடுக்கும் மென்பொருளில் ‘சேமி’ பட்டன் வலது பக்கம். உறுப்பினர் அட்டை மென்பொருளில் அதே இடத்தில் ‘நீக்கு’. அந்த அம்மாள் ஒரே நாளில் ஒரு தெரு முழுக்க உறுப்பினர்களை நீக்கிவிட்டார். அன்றிலிருந்து மானிட்டரில் அந்த இடத்தின் மேல் காயத்துக்குப் போடும் பிளாஸ்டரை ஒட்டி வைத்திருக்கிறார். தன்னைத்தான் முட்டாள் என்று திட்டிக்கொள்கிறாரே தவிர, பட்டனை வைத்தவனைத் திட்டவில்லை.

“நான் போறது பெரிசில்ல மேடம். திருடின்னு பேரோட போனா, அந்த விதிகளையும் எவனும் தொடமாட்டான். திருடி எழுதினதுன்னு என்கூடவே குப்பைக்குப் போயிடும். அந்தம்மா பிளாஸ்டரை மாத்தி மாத்தி ஒட்டிக்கிட்டே இருப்பாங்க.”

இவோனா விதிகளில் சிலவற்றைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். ஒரே வேலைக்கு எல்லா இடத்திலும் ஒரே பெயர். மெனுவில் ஒரு சொல்லுக்குப் பிறகு மூன்று புள்ளி இருந்தால், அதை அழுத்தியதும் வேலை நடந்துவிடாது, இன்னும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது என்று பொருள்.

“உங்க பேச்சு பூரா மூணு புள்ளிதான் மேடம்” என்றான் ஹினெக்.

அடுத்தது வெந்தெலின். தாடிக்குள் முகம் வைத்திருந்த அந்தப் பெரியவர்தான் கம்பெனியின் மூத்த புரோகிராமர். பெரிய சேமிப்பை நிர்வகிக்கும் மென்பொருளை எழுதியதும் அவரே. இவோனா அவர் மேஜைப் பக்கம் போனதும், அவர் திரையில் இருந்ததைச் சட்டென்று மறைத்தார்.

விதிகளைப் பற்றிக் கேட்டதும் தாடி ஆடியது. “இத்தனை வருஷமா ‘சேமி’ய இடது பக்கம் வச்சேன். யாரு செத்தா? இப்ப வந்து வலது பக்கம் வையின்னா என்ன அர்த்தம்? என் வீட்டுக்குள்ள வந்து சோபாவை நகத்துற மாதிரி இருக்கு.”

நேற்று லன்ச்சில் எங்கே இருந்தார் என்று கேட்டால், இதே நாற்காலியில் என்றார். யாரும் பார்க்கவில்லை. வெளியே வந்ததும் ஹினெக் அவள் காதருகே குனிந்தான். தாடி, கோபம், மறைத்த திரை எல்லாம் சேர்ந்து ஆள் தயாராக இருக்கிறது, கையில் விலங்கு மாட்டுவதுதான் பாக்கி என்றான்.

“அந்த ஆளோட விரலப் பார்க்கல நீ” என்றாள் இவோனா. “எனக்கு ஐஸ்கிரீம் சாப்பிடணும் போல இருக்கு.”

“ஏப்ரல்லயா?”

“எல்லாருக்கும் வாங்கு. ஆனா வாயால சொன்னா குழப்பம் வரும். ஒவ்வொருத்தரா ஸ்லாவ்கா மேடம் மெஷின்ல தட்டட்டும். ஐஸ்கிரீம்னு எழுதி, பக்கத்துல என்ன வேணும்னு எழுதணும். தட்டினதை யாரும் திருத்தக் கூடாது.”

ஹினெக் ஒரு நொடி யோசித்தான். ஐஸ்கிரீமுக்குச் செக் மொழியில் ஸ்மர்ஸ்லினா. அந்த ஒரு வார்த்தைக்குள் இரண்டு இஸட். அவன் முகம் மலர்ந்துவிட்டது.

முதலில் யெராபெக் வந்தார். இரண்டே விரலால், கோழி கொத்துவதுபோல் கொத்தினார். திரையில் ‘யம்ரிலினா’ என்று விழுந்தது. பக்கத்தில் சாக்லேட். பார்த்தீர்களா, நான் சொன்னேன் அல்லவா என்று பெருமையோடு போனார். வெந்தெலின் ஆலங்கட்டி மழை போலத் தட்டினார். அவருக்கும் யம்ரிலினாதான். ராஸ்பெரி. மெஷினை ஒரு கெட்ட வார்த்தையால் திட்டிவிட்டு எழுந்தார். ஸ்லாவ்கா நின்றபடியே தட்டினாள். ஸ்மர்ஸ்லினா, எலுமிச்சை. ஒரு எழுத்து பிசகவில்லை. ஹினெக் இவோனாவைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினான்.

கடைசியாக துவார்த்தே வந்தான். போன இலையுதிர் காலத்தில்தான் போர்ச்சுகலிலிருந்து ப்ர்னோவுக்கு வந்த இளைஞன். காதிலிருந்த பெரிய ஹெட்ஃபோனைக் கழுத்துக்கு இறக்கிவிட்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். கீபோர்டைப் பார்க்கவே இல்லை. விரல் தானாகப் போயிற்று.

ஸ்மர்ஸ்லினா. பிஸ்தா.

“எழுத்து சரி?” என்று நிமிர்ந்து பார்த்தான், பரீட்சை எழுதிய பையன் மாதிரி.

“ரொம்ப சரி” என்றாள் இவோனா.

ஹினெக் ஐஸ்கிரீம் வாங்கப் போனான். போகும்போது படியிலேயே நின்று, செக் கீபோர்டுக்கு விரல் பழகாத ஆட்கள் இந்தக் கம்பெனியில் இரண்டு பேர் என்பது முதலாளிக்குத் தோன்றவே இல்லை பாருங்கள், வெளியூர்க்காரன் விரலை அவர் விரலாகவே எண்ணவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் இறங்கினான்.

இவோனா துவார்த்தேயைத் தனியாகக் கேட்டாள். நேற்று இந்த மெஷினில் உட்கார்ந்தாயா? உட்கார்ந்தேன் என்றான் உடனே. எதையாவது அழித்தாயா?

“அழித்தல்? இல்லை. நான் எப்போதும் அழித்தது கிடையாது. அழிக்க எனக்குப் பயம்.”

அவன் விரல்கள் முழங்காலின் மேல் அமைதியாக இருந்தன. இவோனா அவனை நம்பினாள். நம்பியதால் அவளுக்கு வேலை கூடிப்போயிற்று.

அவள் வ்ஸோர் ஃபோல்டரைத் திறந்து, மிச்சமிருந்த ஐகான்களைப் பார்த்தாள். புத்தகம், அட்டை, சாவி, பூதக்கண்ணாடி. பிறகு ஸ்லாவ்காவைக் கூப்பிட்டுக் காட்டினாள். வந்தவள் சோர்வோடு பார்த்தாள். பார்த்தவள் திரைக்குக் கிட்டே குனிந்தாள்.

“இந்தப் பூதக்கண்ணாடிய நான் பார்த்ததே இல்லையே. பழசுக்குக் கைப்பிடி இடது பக்கம் சாஞ்சிருக்கும். நம்ம விதிப்படி எல்லாமே வலது பக்கம் சாயணும், மாத்திக் குடுன்னு போன வாரம் சொன்னேன். இது மாத்தினது.”

“அப்போ இதெல்லாம் அங்க மிச்சம் இருந்தது இல்ல” என்றாள் இவோனா. “புதுசா வந்தது.”

வ்ஸோரிலிருந்து எதையும் யாரும் ஒவ்வொன்றாக அழிக்கவில்லை. இதே பெயருள்ள இன்னொரு வ்ஸோர் வந்து, பழையதைத் தள்ளிவிட்டு உட்கார்ந்திருக்கிறது.

துவார்த்தேயிடம் கேட்டதும் அவன் மறைக்கவே இல்லை. இத்தனை நேரம் அதை யாரும் கேட்காததுதான் அவனுக்கு ஆச்சரியம். ஐகான்களை மாற்றி முடித்து, வ்ஸோர் என்று ஒரு ஃபோல்டரில் போட்டு, ஸ்லாவ்கா இல்லாத நேரத்தில் அவள் வேலையைக் குறைப்போம் என்று இங்கே கொண்டுவந்து வைத்தானாம். அப்போது ஆங்கிலத்தில் ஒரு பெட்டி முளைத்தது. ‘இதே பெயரில் பழையது இருக்கிறது. பழையதை வைத்துக்கொள்ளவா?’ கீழே இரண்டு பட்டன். யெஸ், நோ.

“எனக்குப் பயம். பழையது எது, எனக்கு ஐயம். ஸ்லாவ்கா இல்லை. அதனால் நான் சாருக்கு ஃபோன் பண்ணியது. செக் மொழியில் கேட்டது, நல்ல செக் மொழியில்: பழையதை வைத்துக்கொள்ளவா? சார் சொன்னது நோ. நான் நோ அழுத்தியது.”

பின்னாலிருந்து யெராபெக் பாய்ந்து வந்தார். இப்போது அவருக்கு முகம் முழுக்கச் சிவப்பு. “பொய். அவன் ஃபோன் பண்ணினது நிஜம். பழசை வச்சுக்கவான்னு கேட்டான். வச்சுக்கன்னுதான் சொன்னேன். பழசை எவனாவது தூக்கிப் போடச் சொல்லுவானா?”

சரியாக என்ன வார்த்தை சொன்னீர்கள் என்று இவோனா கேட்டாள்.

“ஆமான்னேன். வாய் நிறைய க்னெட்லிக் கொழுக்கட்டை இருந்துச்சு, பக்கத்துல குழம்பு ஆறிக்கிட்டிருந்துச்சு. வேற என்ன சொல்லுவேன்? ஆமா, ஆமான்னேன்.”

“சார், நீங்கள் நோ சொன்னது. இரண்டு தடவை. நோ, நோ.” துவார்த்தேயின் குரல் இறங்கிவிட்டது. திடீரென்று எல்லாரும் தன்னைப் பார்ப்பது அவனுக்குப் புரிந்தது. “நான் பொய் இல்லை.”

அப்படியானால் இவளும் இவனும் கூட்டு என்றார் யெராபெக். இவள் ப்ராக்குக்குப் போகப் படங்களை எடுத்துக்கொண்டாள், இவன் துடைத்துவிட்டான், இரண்டு பேரும் இன்றே கிளம்பலாம். ஸ்லாவ்கா அட்டைப் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். என்னைச் சொல்லுங்கள், பையனைச் சொல்லாதீர்கள் என்றாள்.

இந்தச் சண்டைக்கு நடுவில்தான் ஹினெக் இரண்டு கையிலும் ஐஸ்கிரீமோடு வந்தான். சண்டை நடக்கிறது என்பதற்காக ஐஸ்கிரீம் உருகாமல் நிற்காது என்று சொல்லி, நீண்ட மேஜையின் ஒரு முனையில் நின்று வரிசையாக அனுப்ப ஆரம்பித்தான். எலுமிச்சை ஸ்லாவ்காவுக்குப் போயிற்று. சாக்லேட்டை யெராபெக் கோபத்தோடு வாங்கிக்கொண்டார்.

“வெந்தெலின் சார், ராஸ்பெரி உங்களுக்குத்தானே?” என்று துவார்த்தே கையில் கொடுத்து, தள்ளிவிடச் சொன்னான்.

“நோ” என்று வெந்தெலின் கையை நீட்டினார்.

துவார்த்தே அவர் நீட்டிய கையைப் பார்த்தான், அவர் தாடியைப் பார்த்தான், குழம்பி, கோப்பையைத் திரும்ப ஹினெக்கிடமே கொடுத்துவிட்டான்.

“யோவ், என் ஐஸ்கிரீம ஏன்யா திருப்பி அனுப்பற?”

“நீங்கள் நோ சொன்னது.”

“நோன்னுதானே சொன்னேன். குடு.”

இவோனா கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் சிரிக்கத் தொடங்கியதை ஹினெக் மட்டும் கவனித்தான். துப்பறியும் நேரத்தில் அவள் சிரித்தால் வேலை முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

“துவார்த்தே, உன் செக் வகுப்புல ‘ஆமா’வுக்கு என்ன சொல்லிக் குடுத்தாங்க?”

“அனோ” என்றான் அவன். “புத்தகத்தில் முதல் பக்கம். அனோ, ஆமா.”

“அனோ சரிதான். ஆனா இந்த ஊர்ல பிறந்தவன் எவனும் அவசரத்துல அனோ சொல்ல மாட்டான். முன்னெழுத்த முழுங்கிட்டு ‘நோ’ம்பான். ரொட்டி வேணுமா? நோ. தூக்கமா? நோ. நமக்கு அது ஆமா. உன் காதுக்கு அது இல்லை.”

துவார்த்தே வாயைத் திறந்தபடி ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்தான். போன இலையுதிர் காலத்திலிருந்து தான் கேட்ட எல்லா நோக்களையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் போட்டுப் பார்க்கிறான் என்று தெரிந்தது. காப்பி குடிக்க அவன் கூப்பிட்டபோதும், பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்டபோதும், இவர்கள் ஏன் எப்போதும் மறுத்துவிட்டுக் கூடவே வந்தார்கள், இடம் கொடுத்தார்கள் என்பது இப்போதுதான் அவனுக்கு விளங்கியது.

“நான் அப்படி சொல்ற பழக்கமே கிடையாது” என்றார் யெராபெக். “நான் அனோன்னு சுத்தமா சொல்றவன்.”

“காலைல வீட்டம்மாகிட்ட நோ நோன்னு அடுக்கினீங்க சார்” என்றான் ஹினெக். “ஆதாரம் உங்க உள்ளங்கையில இருக்கு.”

யெராபெக் கையைப் பார்த்தார். ரொட்டி.

இவோனா மெதுவாகச் சொன்னாள். இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னார்கள். இவர் வைத்துக்கொள் என்றார், அவன் காதில் அது வேண்டாம் என்று விழுந்தது, திரையில் நோ என்று ஒரு பட்டனும் தயாராகக் காத்திருந்தது. அழித்தாயா என்று எல்லாரும் கேட்டோம். அவன் அழிக்கவே இல்லை, ஒரு கேள்விக்குப் பதில் சொன்னான். அந்தப் பெட்டியில் அழி என்ற சொல்லே கிடையாது.

“அந்தப் பெட்டிய எழுதினது யாரு?” என்று கேட்டாள்.

வெந்தெலின் தாடியைச் சொறிந்தார். மென்பொருள் தன்னுடையதுதான், ஆனால் பட்டன் பெயர் முதலாளி சொன்னது என்றார். பட்டனில் யெஸ், நோ கூடாது, நடக்கப்போகிற வேலையின் பெயரையே எழுத வேண்டும் என்பது ஸ்லாவ்காவின் விதி. ‘வைத்துக்கொள்’, ‘அழி’ என்று எழுதியும் கொடுத்தாள். அது நீளம், உலகத்தில் எவனுக்கும் யெஸ் நோ தெரியும், அதில் என்ன குழப்பம் வரும் என்று யெராபெக்தான் அதை அடித்து நீக்கிவிட்டார்.

யெராபெக் உட்கார்ந்துவிட்டார். சாக்லேட் அவர் மணிக்கட்டில் வழிந்தது. யார் செய்தால் என்ன, படங்கள் போனது போனதுதானே, நான்கு மணிக்கு வருகிறவர்களிடம் இந்தப் பூதக்கண்ணாடியை மட்டுமா காட்டுவது என்றார். குரலில் இப்போது கோபம் இல்லை.

வெந்தெலின் இருமினார். பிறகு எழுந்து போய், காலையிலிருந்து மறைத்து வைத்திருந்த தன் திரையை எல்லாரும் பார்க்கும்படி திருப்பினார். அதில் வ்ஸோர் இருந்தது. பழைய வ்ஸோர், எல்லாத் திரைகளோடும்.

“போன மாசம் ஒரு மாத்தம் பண்ணினேன். எதை அழிச்சாலும் நிஜமா அழியாது, ஒரு ஓரத்துல கொஞ்ச நாள் கிடக்கும். சரியா வேலை செய்யுமான்னு இதுவரைக்கும் பார்க்கல. காலைலேர்ந்து ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்துக்கிட்டிருந்தேன். இப்பதான் எல்லாம் வந்துச்சு.”

இதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாமே என்று ஹினெக் கேட்டான்.

“எப்படிய்யா சொல்றது? நூறு தடவ எச்சரிக்கிறத விட, செஞ்சத திரும்ப எடுக்க வழி வைன்னு இந்தம்மா விதில இருக்கு. வருஷம் பூரா விதி வேண்டாம்னு கத்திட்டு, அத மட்டும் திருட்டுத்தனமா போட்டேன்.” ஸ்லாவ்காவின் பக்கம் பார்க்காமல் சொன்னார். “அது ஒண்ணு நல்லா இருந்துச்சு. ‘சேமி’ விஷயத்துல நான் இன்னும் மாறல.”

ஸ்லாவ்கா அவர் திரைக்கு முன்னால் போய் நின்றாள். பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்த்தாள். அவளுடைய தோள் இரண்டும் கீழே இறங்கின. காலையிலிருந்து அவை காதருகே இருந்ததை அப்போதுதான் மற்றவர்கள் உணர்ந்தார்கள். அவள் வெந்தெலினுக்கு நன்றி சொல்லவில்லை. உருகத் தொடங்கியிருந்த ராஸ்பெரியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

கீழே வாசல் மணி அடித்தது. ஓலமோட்ஸ்காரர்கள்.

“சார்” என்றாள் இவோனா. “அவங்க மேல வர்றதுக்குள்ள ஒரு விஷயம் தெரியணும். படங்கள அவங்களுக்கு யார் காட்டப் போறாங்க? ஸ்லாவ்கா மேடம் இங்கதான் இருக்காங்களா, இல்ல அந்த அட்டைப் பெட்டியோட போறாங்களா?”

யெராபெக் வாயைத் திறந்தார். துவார்த்தே கரண்டியோடு அவரையே பார்த்துக்கொண்டிருந்தான். எது வந்தாலும் இந்தத் தடவை அர்த்தம் மாறிவிடக் கூடாதே என்று அவன் முகம் முழுக்கக் கவலை. யெராபெக் வாயை மூடிக்கொண்டார். மறுபடி திறந்தார். மறுபடி மூடினார்.

“கொஞ்சம் இருங்க சார்” என்றார் வெந்தெலின். குனிந்து ஏதோ தட்டினார். ஆலங்கட்டி மழை ஒரு நிமிடம் பெய்து ஓய்ந்தது. சுவரில் மாட்டியிருந்த பெரிய திரையில் ஒரு பெட்டி முளைத்தது. இந்தத் தடவை செக் மொழியில்.

‘ஸ்லாவ்காவை என்ன செய்ய?’

கீழே இரண்டு பட்டன். இடது பக்கம் ‘வேலையை விட்டு அனுப்பு’. வலது பக்கம் ‘வேலையில் வைத்துக்கொள்’.

ஸ்லாவ்கா அதைப் படித்தாள். பிறகு வெந்தெலினைப் பார்த்தாள். அவர் தாடிக்குள் பார்வையை ஒளித்துக்கொண்டார்.

மணி இரண்டாவது தடவை அடித்தது. யெராபெக் எழுந்தார். சாக்லேட் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டு, மவுஸைப் பிடித்தார். அம்பு திரையில் அங்குமிங்கும் ஆடியது, ஒரு கணம் நடுவில் நின்றது, பிறகு வலது பக்கம் போயிற்று. கிளிக் என்ற சத்தம் எல்லாருக்கும் கேட்டது. பெட்டி மறைந்தது. நிச்சயமா என்று அது திருப்பிக் கேட்கவில்லை.

யெராபெக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டார். ஸ்லாவ்காவுக்கு முன்னால் ஒரு நொடி நின்று, தலை குனிந்து நிமிர்ந்தார். பிறகு விருந்தாளிகளுக்குக் கதவைத் திறக்க, ஒரு வார்த்தையும் பேசாமல் படியிறங்கிப் போனார்.